ஆரம்ப சுகாதாரத்தில் ஒரு திட்டத்தை நடத்த ஃபெல்லோஷிப்: நர்ஸ்களும் டாக்டர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிஎச்சி எனும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ வேலை பார்த்துக்கொண்டே, அங்கே கண்ணெதிரே இருக்கும் ஒரு குறையைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கு ஃபெல்லோஷிப் வழியாகப் பணமும் வழிகாட்டலும் கிடைப்பதுண்டு. அப்படி விண்ணப்பிக்க நினைக்கும் செவிலியர்கள், மருத்துவ அலுவலர்கள், ஃபார்மசிஸ்டுகள் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டு அரசுப் பணியை மனதில் வைத்து எழுதியது. தொண்டு நிறுவன மருத்துவமனைகளில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஃபெல்லோஷிப் என்றால் மேல்படிப்புதானே? வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டுமா?

எம்.எஸ். முடித்தவர்கள் லேப்ராஸ்கோபிக்குச் செய்யும் ஃபெல்லோஷிப் படிப்பு வேறு. இங்கே சொல்வது, பார்க்கும் வேலையிலேயே இருந்துகொண்டு ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஒரு மேம்பாட்டுத் திட்டத்தை நடத்துவது. அமெரிக்க அரசின் சுகாதார சேவை நிதி அமைப்பான எச்ஆர்எஸ்ஏ 2018-ல் 'ஆரம்ப சிகிச்சை சாம்பியன்கள்' என்ற பெயரில் பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தது. சமூக சுகாதார மையங்களில் ஏற்கெனவே வேலை பார்க்கும் டாக்டர்களையும் பிஸிஷியன் அசிஸ்டென்டுகளையும் (டாக்டருடன் சேர்ந்து நோயாளி பார்ப்பவர்கள்) ஒரு வருடம் பகுதி நேரமாகப் பயிற்றுவிப்பது அதன் ஏற்பாடு. நோயாளி பார்ப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. இங்கிலாந்தில் 1887-ல் தொடங்கிய குவீன்ஸ் நர்ஸிங் இன்ஸ்டிடியூட், வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சமூக செவிலியர்களே தலைமை தாங்கும் சிறு திட்டங்களுக்குப் பணமும் கூடவே ஒரு வருட வழிகாட்டலும் தந்திருக்கிறது. இரண்டுமே அந்தந்த நாட்டில் பணிபுரிபவர்களுக்கானவை. ஆனால் உலகம் முழுக்க இந்த வகை ஃபெல்லோஷிப்பின் அமைப்பு ஏறக்குறைய இதுதான்: கொஞ்சம் பணம், ஒரு வழிகாட்டி, உங்களைப் போலவே வேறு ஊர்களில் திட்டம் நடத்தும் சில சகாக்கள்.

இந்தியாவிலிருந்து எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

பெரிய பெயர் இந்தியா அலையன்ஸ். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டன் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து நடத்துவது. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதன் மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மொத்தம் 1,500 கோடி ரூபாய். அதில் 1,000 கோடி அரசுடையது, 500 கோடி வெல்கம் தருவது. மருத்துவ, பொது சுகாதார ஆராய்ச்சிக்கென்று தனி ஃபெல்லோஷிப்புகள் உண்டு. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: அது ஆராய்ச்சிக்கான பணம். "எங்கள் பிஎச்சியில் சர்க்கரை நோயாளிகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், அதைச் சரிசெய்ய வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அங்கே எடுபடாது. ஏன் நிற்கிறார்கள் என்பதில் இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கு விடை காணும் முறையையும் காட்ட வேண்டும்.

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு நடந்துவந்த 'அட்லான்டிக் ஃபெல்லோஸ் ஃபார் ஹெல்த் ஈக்விட்டி' வேறு மாதிரி. பல நாட்டினரை எடுப்பார்கள், சொந்த வேலையில் இருந்துகொண்டே செய்யலாம், சுகாதாரத்தில் உள்ள ஏற்றத்தாழ்வுதான் மையப்பொருள். எந்த ஃபெல்லோஷிப்பானாலும் அந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா, உங்கள் பணிக்கும் படிப்புக்கும் தகுதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுத உட்காருங்கள்.

இரண்டுக்கும் நடுவே, ஒரு செவிலியர் தன் நிலையத்திலேயே நடத்தும் சின்னத் திட்டத்துக்கான பணம் நம் நாட்டில் குறைவு. இருப்பது பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகள், அறக்கட்டளைகள் வழியாக வரும் சிறு தொகைகள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆரம்ப சுகாதாரத்தில் நடக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் அவர்கள்தான்.

அந்தப் பணத்தை வைத்து என்னதான் செய்வது?

நேரம் வாங்குவது. விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. லேப்டாப், டேப், பிரின்டர், சுவரில் மாட்டும் டிவி என்று பட்டியல் நீளும். திட்டத்தை நடத்தப் போகிறவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று ஒரு வரிகூட இருக்காது.

ஒரு மருத்துவ அலுவலரின் காலைப் பொழுது முழுக்க ஓபி. அப்புறம் பிரசவம், தடுப்பூசி நாள், ரிவ்யூ மீட்டிங், டெங்கு வந்தால் ஃபீல்டு, நடுநடுவே விஐபி வருகை. கிராம சுகாதார செவிலியருக்கு விதிமுறைப்படி சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர். அதற்கு மேல் கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி தளத்தில் பதிவேற்றம், சுகாதாரப் புள்ளிவிவரத்துக்கான எச்எம்ஐஎஸ் அறிக்கை. இந்த நிலையில் 'மீதி நேரத்தில் செய்வேன்' என்று எழுதுபவருக்கு மீதி நேரம் என்று ஒன்று கிடையாது என்பது விண்ணப்பத்தைப் படிப்பவருக்கும் தெரியும்.

ஆகவே முதலில் எழுத வேண்டியது இதுதான். வாரத்தில் ஒரு முழு நாளோ இரண்டு அரை நாளோ, அந்த நேரத்தில் உங்கள் வேலையை யார் பார்ப்பார், அதற்கு மேலதிகாரி கையெழுத்திட்டிருக்கிறாரா? தற்காலிகமாக ஒரு ஸ்டாஃப் நர்ஸை அமர்த்தும் செலவைப் பட்ஜெட்டில் வைக்கலாம் என்று அறிவிப்பு சொன்னால், மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அதை வையுங்கள்.

எந்த மாதிரி பிரச்சினையை எடுப்பது?

சின்னதாக, உங்கள் கைக்குள் இருப்பதாக, எண்ணக்கூடியதாக. "கிராம மக்களின் ஆரோக்கியத்தை உயர்த்துதல்" என்பது மேடையில் பேசலாம், திட்டமாகாது.

ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் எனும் தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், பிபி இருப்பவர்களில் சுமார் 7 சதவீதத்தினருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. மாத்திரை வீட்டுக்கே போக ஆரம்பித்தது. அடுத்த சுற்று கணக்கெடுப்பில் அந்த அளவு சுமார் 17 சதவீதமானது. நல்ல ஏற்றம்தான். ஆனாலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். அவர்கள் ஏன் வெளியே இருக்கிறார்கள் என்பதற்கு மாநிலம் முழுமைக்கும் ஒரே பதில் இருக்காது. உங்கள் ஊரின் பதில் உங்களிடம் இருக்கிறது.

ஒரு கற்பனை பிஎச்சியை வைத்துப் பார்க்கலாம். பதிவேட்டில் பிபி நோயாளிகள் 600 பேர். போன மாதம் மாத்திரை வாங்க வந்தவர்கள் 350. மீதிப் பேருக்கு என்ன ஆனது? பதிவேட்டைப் புரட்டி முப்பது பேரை மட்டும் தேடிப் போய்க் கேட்டால் காரணங்கள் தெரியவரும். சிலர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், என்சிடி (தொற்றா நோய்) கிளினிக் நேரமும் வேலை நேரமும் மோதுகிறது. சிலர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். சிலர் தனியாரிடம் வாங்குகிறார்கள். சிலருக்குத் தலைசுற்றல் நின்றுவிட்டது, 'அதான் சரியாகிடுச்சே' என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இறந்துபோன ஒன்றிரண்டு பேரின் பெயர்கூட பட்டியலில் நீக்கப்படாமல் இருக்கும். ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு. ஒரு மாலை நேர கிளினிக் முதல் காரணத்துக்கு மருந்து, நான்காவதற்கு அது எதுவும் செய்யாது. இந்த முப்பது பேரிடம் பேசியதை விண்ணப்பத்தில் ஒரு பத்தியாக எழுதுங்கள். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2017 நவம்பரில் ஐந்து மாநிலங்களில் 25 மாவட்டங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி செய்ததெல்லாம் எளிய காரியங்கள்: எல்லோருக்கும் ஒரே சிகிச்சை வரிசை, தடையில்லாத மருந்து, டாக்டரை மட்டும் நம்பியிராமல் குழுவாகப் பார்ப்பது, நோயாளிக்கு அருகிலேயே சேவை, ஒவ்வொருவரையும் பின்தொடரும் பதிவு. தெரிந்த வழியை உங்கள் ஊரில் நடக்க வைப்பதே போதுமான திட்டம்.

முன்னேற்றத்தை எப்படிக் காட்டுவது? புள்ளியியல் தெரியாதே.

திட்டத்துக்கு முன் ஒரு எண், பின் ஒரு எண் என்று இரண்டு தூண் வரைந்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதை நம்பாதீர்கள். பொங்கல் மாதத்தில் எண்ணிக்கை குறையும், முகாம் நடந்த மாதத்தில் ஏறும். எந்த இரண்டு மாதத்தை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வெற்றி தோல்வி மாறிவிடும்.

வாரா வாரம் ஒரு புள்ளி வையுங்கள், கோட்டால் இணையுங்கள், எல்லாப் புள்ளிகளின் இடைநிலை அளவில் (சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) குறுக்கே ஒரு கோடு போடுங்கள். இதுதான் ரன் சார்ட். தொடர்ந்து ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால், ஏதோ உண்மையாகவே மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். கோட்டின் மேலேயே விழும் புள்ளிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டம் போட்ட நோட்டும் பேனாவும் போதும்.

முறையைக் கற்க உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகம் வெளியிட்ட, சிகிச்சை நடக்கும் இடத்திலேயே தரத்தை மேம்படுத்துவது பற்றிய பிஓசிக்யூஐ கையேடு நல்ல தொடக்கம். பிரச்சினையைத் தேர்ந்து குழு அமைத்தல், காரணத்தை ஆராய்ந்து அளவுகோல் வைத்தல், மாற்றத்தைச் சின்னதாகச் சோதித்தல், நிலைக்கவைத்தல் என்று நான்கு படிகள். மூன்றாவது படியில்தான் பிடிஎஸ்ஏ சுற்று வரும்: திட்டமிடு, செய், பார், திருத்து. முதல் சுற்றை ஒரே ஒரு கிளினிக் நாளில், பத்து நோயாளிகளிடம் செய்து பாருங்கள். 600 பேருக்கும் ஒரே நாளில் புது அட்டை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அட்டையில் பிபி எழுதவே இடம் பத்தவில்லை என்று அப்புறம் கண்டுபிடிப்பதைவிட இது மலிவு.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டுமா?

திட்டம் ஆராய்ச்சியா, தர மேம்பாடா என்பதைப் பொறுத்தது. உங்கள் நிலையத்தின் வழக்கமான சேவையை வழக்கமான வழியிலேயே சீர்செய்கிறீர்கள், தகவல் உள்ளேயே இருக்கிறது என்றால் அது மேம்பாடு. புது அறிவை எல்லோருக்கும் பொதுவாக நிறுவ வேண்டும், ஒரு குழுவுக்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காமல் ஒப்பிட வேண்டும், ரத்த மாதிரி கூடுதலாக எடுக்க வேண்டும் என்றால் அது ஆராய்ச்சி. அதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் பொருந்தும். சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். சிகிச்சை ஒப்பீடு என்றால், மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் முன்கூட்டியே பதிவும் வேண்டும்.

நடுவில் நிற்கும் திட்டங்கள்தான் அதிகம். சந்தேகம் இருந்தால் கமிட்டியிடமே கேட்டு, 'விலக்கு' என்றாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு பின்தேதியிட்டு யாரும் அனுமதி தரமாட்டார்கள். பின்னாளில் கட்டுரையாக எழுத ஆசை வந்தால் பத்திரிகை முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர் இருக்கும்போது நான் தலைமை தாங்க முடியுமா?

விதியில் தடை இருக்காது, நடைமுறையில் இருக்கும். அதை விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எதிர்கொள்வது நல்லது.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு: மருத்துவ அலுவலரின் பெயரைத் தலைவராகப் போட்டுவிட்டு வேலையை நீங்கள் செய்வது. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளியே வந்துவிடும். அவரைக் குழுவில் சேருங்கள், குறிப்பிட்ட ஒரு பொறுப்பைக் கொடுங்கள். மருந்து அளவை மாற்றும் முடிவு அவருடையது, பின்தொடரும் ஏற்பாடு உங்களுடையது என்பது போல. ஃபார்மசிஸ்டை மறக்காதீர்கள். மாத்திரை ஸ்டாக் தீர்ந்த வாரத்தில் உங்கள் வரைபடம் சரியும்; மருந்து கேட்டு இன்டென்ட் போடுபவர் குழுவில் இருந்தால் அது நடக்காமல் தடுக்கலாம். லேப் டெக்னீஷியனும் ஓபி சீட்டு எழுதுபவரும்கூட வரட்டும். நோயாளி எங்கே திரும்பிப் போய்விடுகிறார் என்று சீட்டு எழுதுபவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

மேடம் சொன்னால் மறுபேச்சு கிடையாது என்ற நிலையத்தில் குழுக் கூட்டம் என்பது அறிவுரைக் கூட்டமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட இடம் என்றால், கூட்டத்தில் வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில் பேசட்டும் என்று ஒரு சின்ன வழக்கத்தைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள் விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலான அறிவிப்புகள் பட்டமோ பதிவு எண்ணோ கேட்பதால் தனியாக விண்ணப்பிப்பது கடினம். குழு உறுப்பினராகச் சேர்க்கலாம். சேர்த்தால் அவர்கள் செலவிடும் கூடுதல் நேரத்துக்குப் பட்ஜெட்டில் மதிப்பூதியம் வையுங்கள். 'சமூகப் பங்கேற்பு' என்று எழுதிவிட்டுச் சும்மா அலையவிடுவது முறையல்ல.

அரசுப் பணியில் இருக்கிறேன். யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?

வரிசை தெரிந்ததுதான்: பிளாக் மெடிக்கல் ஆபீசர், மாவட்ட சுகாதார அலுவலர், சென்னையில் பொது சுகாதாரத் துறை இயக்குநரகம். 1973-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு நீங்கள் உட்பட்டவர். வெளியிலிருந்து பணம் வரும் எதையும் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். கோப்பு நகர நாளாகும். கடைசித் தேதிக்கு முந்தின வாரம் போய் நின்றால் கையெழுத்து கிடைக்காது.

வெளிநாட்டுப் பணம் என்றால் இன்னொரு அடுக்கு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (2010) அரசு ஊழியர்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதைத் தடுக்கிறது. கல்வி உதவித்தொகை, ஸ்டைபண்ட் போன்றவற்றுக்கு அதே சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் உங்களுக்கான மாதத் தொகை வேறு, திட்டச் செலவுக்கான பணம் வேறு. பின்னதை அந்தச் சட்டத்தில் பதிவு பெற்ற ஒரு நிறுவனம்தான் வாங்க வேண்டும். அதுவும் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட முடியாது. டெல்லியில் ஒரு அமைப்பு வாங்கி உங்கள் ஊர் டிரஸ்டுக்கு அனுப்பும் என்று யாராவது சொன்னால், முதலில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். ஆராய்ச்சியில் வெளிநாட்டுக் கூட்டு இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழுவான எச்எம்எஸ்சி ஒப்புதலும் தேவைப்படும்.

பட்ஜெட் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஃபெல்லோஷிப் முடிந்த மறுமாதம் இந்தச் செலவை யார் ஏற்பார் என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதிப் பாருங்கள். பதில் இல்லாத வரி வலுவற்ற வரி. நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்பும் கட்டணச் செயலி ஒரு வருடம் நன்றாக ஓடும், சந்தா முடிந்ததும் நின்றுவிடும். அதே வேலையை, அடுத்த மாதம் வரவேண்டிய அட்டைகளைத் தேதிவாரியாக அடுக்கிய ஒரு மரப்பெட்டி வருடக்கணக்கில் செய்யும். வராதவரின் அட்டை அந்தத் தேதி அறையிலேயே கிடக்கும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று பார்த்ததும் தெரியும்.

பிபி கருவி வாங்கலாம், அது நியாயமான செலவு. சரிபார்க்கப்பட்ட மாடலாக, பெரிய கை அளவுக்கான கஃப்பும் (கையில் சுற்றும் பட்டை) சேர்த்து வாங்குங்கள். ஒல்லியான கஃப்பைப் பருத்த கையில் சுற்றினால் அளவு ஏற்றித்தான் காட்டும். இல்லாத நோய்க்கு மாத்திரை எழுத நேரும். பயணச் செலவைக் குறைத்துப் போடாதீர்கள், ஃபீல்டுக்குப் போகும் பெட்ரோலைச் சொந்தக் காசில் போட்டுவிட்டு மௌனமாக இருப்பது நம் துறையில் பழகிப்போன தியாகம்.

நடுவில் டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டால்?

இது நிஜமான ஆபத்து. கவுன்சலிங்கில் இடம் மாறலாம், பிஜி சீட் கிடைக்கலாம், மகப்பேறு விடுப்பு வரலாம். விண்ணப்பத்திலேயே இணைத் தலைவர் ஒருவரைப் பெயர் சொல்லி வையுங்கள். முடிந்தால் அதே ஊரில் நீண்டகாலம் இருப்பவராக. மாவட்ட சுகாதார அலுவலரின் கடிதத்தில் 'திட்டக் காலம் வரை இயன்றவரை அதே நிலையத்தில் தொடர அனுமதிக்கப்படுவார்' என்று ஒரு வரி கிடைத்தால் நல்லது. அதற்குச் சட்ட பலம் பெரிதாக இல்லை, ஆனாலும் தேர்வுக் குழு அதை மதிக்கும்.

வருமான வரி உண்டா?

கல்விச் செலவுக்கான உதவித்தொகைக்கு 1961 சட்டத்தின் 10(16) பிரிவில் விலக்கு இருந்தது. திட்டத்தை நடத்துவதற்கான ஊதியம் போல வரும் தொகை அதற்குள் அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2026 ஏப்ரல் முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் வேறு. ஃபெல்லோஷிப் வழங்கிய கடிதத்தைக் காட்டி வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் எழுத வராது. அது தடையா?

விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். முதலில் தமிழில் எழுதுங்கள். என்ன குறை, எத்தனை பேருக்கு, எதை மாற்றப் போகிறேன், எப்படித் தெரியும் என்ற நான்குக்கும் தமிழில் நேராகப் பதில் சொல்ல முடிந்தால் மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார். ஏஐ செயலியிடம் கொடுத்து எழுதி வாங்கியவை எல்லாம் ஒரே குரலில் இருக்கின்றன. உங்கள் துணை சுகாதார நிலையத்தின் பெயரை எடுத்துவிட்டால் அது எந்த ஊர் விண்ணப்பம் என்று சொல்ல முடியாது. மொழிபெயர்க்க அதைப் பயன்படுத்துவதில் தப்பில்லை, உங்களுக்குப் பதிலாக யோசிக்க அதை விடாதீர்கள்.

ஆராய்ச்சி அடிப்படைகளைக் கற்க, சென்னையில் உள்ள ஐசிஎம்ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைன் பாடங்கள் நடத்துகிறது. ஆங்கிலத்தில்தான், ஆனால் பாடம் எளிது.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் மேல். "இவர் நேர்மையானவர், கடின உழைப்பாளி" என்ற கடிதத்தை எல்லோரும் கொண்டுவருகிறார்கள். "கோவிட் தடுப்பூசியின்போது வராத வீடுகளின் பட்டியலை இவர்தான் தயாரித்தார்" என்று ஒரே ஒரு உண்மைச் சம்பவம் இருந்தால் அந்தக் கடிதம் பேசும்.

கிடைக்கவில்லை என்றால் மறுபடியும் விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலும் அனுமதிப்பார்கள், எத்தனை முறை என்பதை மட்டும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர்களின் குறிப்பைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சில அமைப்புகள் தருகின்றன. இடைப்பட்ட மாதங்களில் அந்த முப்பது பேரைத் தேடும் வேலையையும் ரன் சார்ட்டின் முதல் பத்து புள்ளிகளையும் பணமில்லாமலே செய்துவிடலாம், அதற்கு யாருடைய நிதியும் தேவையில்லை. அடுத்த விண்ணப்பத்தில் அந்த வரைபடத்தை முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.